மாதா படத்தடியில் சிவப்பு மாத்திரை

அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். இப்போது நினைத்தால் அது கம்பெனியாகவே தோன்றவில்லை; சர்க்கரைப் பாகு வாசனையில் கண்ட பகல் கனவு மாதிரி இருக்கிறது. கோட்டிங் ரூமில் ஒரு பெரிய செம்புச் சட்டி சாய்ந்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் இரும்புச்சத்து மாத்திரைகள் உருளும். அவற்றின் மேல் பாகு, வெள்ளை மாவு, மறுபடி பாகு, பிறகு சிவப்புச் சாயம், கடைசியில் பளபளப்புக்கு மெழுகு. நாள் முழுக்க மணலில் தூறல் விழுகிற சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம் பெண்கள் நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, மங்கியதையும் ஒட்டிக்கொண்டதையும் பொறுக்கித் தள்ளுவோம்.

சட்டியைப் பார்த்துக்கொண்டவர் தாராவியிலிருந்து வருகிற திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். ஒவ்வொரு ஈடு இறங்கியதும் ஒரு மாத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார்.

"பிள்ள பாத்தா கைய நீட்டணும் தங்கச்சி. அதான் கோட்டிங்கு."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று நான் சீண்டுவேன். ஆனால் அழகாகத்தான் இருக்கும். எனக்கே நாக்கில் நீர் ஊறும்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முந்தைய கர்ப்பம் தங்கவில்லை. ரத்தம் போதாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததும் எங்கள் சட்டியில் உருண்ட அதே மாத்திரைதான். திலக் நகரில் எங்களுக்கு ஒற்றை அறை. தகரப் பெட்டி மேல் மாதா படம். அதன் முன்னால் அந்தப் பாட்டிலை வைத்தார் என் வீட்டுக்காரர். "மாதா பாத்துக்கிடுவா" என்றார். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து வீடுகளில் மாதா முன்னால் எந்தப் பண்டம் வைத்தாலும், ஜெபம் முடிந்ததும் அது பிள்ளைகளுக்குப் பங்கு. மூன்று வயது மகளுக்கு அது நன்றாகத் தெரியும். பாட்டிலை வைக்கும்போது எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், மகள் படத்துக்குக் கீழே முழங்காலில் இருக்கிறாள். உதடெல்லாம் சிவப்பு. கையை விரித்து என்னிடம் நீட்டினாள்.

"ஒனக்கும் வச்சிருக்கேம்மா."

உள்ளங்கையில் சாயம் கரைந்த ரெண்டு மாத்திரை. பாட்டில் கிட்டத்தட்டக் காலி.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். "கித்னா காயா?" என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை தின்றாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாந்தி நின்றதும் பிள்ளை சிரித்தாள். கட்டில் கம்பியைத் தட்டிப் பாட்டுகூடப் பாடினாள். பிழைத்துவிட்டாள் என்று எழுந்தேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். இரும்பு இப்படித்தான் ஏமாற்றும், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வேலையைக் காட்டும், நாளை சாயங்காலம் வரை எதுவும் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஹிந்தி தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நேரம் நகர்ந்ததா என்றே தெரியவில்லை. மேலே ஃபேன் சுற்றியது. என் கண்ணுக்குள் செம்புச் சட்டி சுற்றியது. வயிற்றில் ஒன்று புரண்டது, மடியில் ஒன்று தூங்கியது. வீட்டுக்காரர் சுவரோரம் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மாதா மேல் கோபம், பாய் மேல் கோபம், சர்க்கரை மேலேயே கோபம். மறுநாள் வெயில் சாய்ந்தபோது மகள் கண்ணைத் திறந்து பன் வேண்டும் என்றாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்று தலையை ஆட்டினார். நான் போட்ட அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று பாய் வாசலிலேயே நின்றார். அவருக்குச் செய்தி எட்டியிருந்தது.

"பிள்ள கைய நீட்டிருச்சு பாய்" என்றேன். வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் நேரே முதலாளியிடம் போய், சிவப்பும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு ஈடு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாராம். "கோன் லேகா?" என்று முதலாளி சிரித்தாராம். அதை யார் வாங்குவார்கள்?

சில நாள் கழித்து பாய் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே பாட்டில் நிறைய மாத்திரை, அழுக்குப் பச்சையும் பழுப்புமாக, சொரசொரவென்று.

"காத்துப் படாம இருக்க மெல்லிசா ஒரு பூச்சு போட்டிருக்கேன். அவ்வளவுதான். ஒனக்கு மட்டும் தங்கச்சி. ஒசரத்துல வையி."

மறுநாள் காலையில் ஒன்றை வாயில் போட்டேன். துருப்பிடித்த ஆணியைக் கடித்த ருசி. என் முகம் கோணியதைப் பார்த்து மகள் ஓடி வந்தாள். இன்னொன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொன்றும் தின்றிருப்பேன்.

கோட்டிங் ரூம் கதவில் சாய்ந்து நின்று சொன்னேன்.

"பிள்ள கைய நீட்டலே பாய்."

"அல்ஹம்துலில்லா" என்றார். சட்டியில் சிவப்பு சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.