சமபந்தியில் ஆயா

எங்கள் ஊர் பால்வாடி ஆயா மதியச் சோற்றை நின்றபடியே தின்பவர். பிள்ளைகள் கை கழுவி வருவதற்குள் அவர் தட்டு காலியாகிவிடும். ஒல்லியான உடம்பு, இறுக்கி முடிந்த நரைக்கொண்டை.

தொண்ணூறுகளில் ஒரு சுதந்திர தினம். துடியலூர்ப் பக்கமிருந்த எங்கள் ஊர்க் கோவிலில் அரசாங்கத்தின் சமபந்தி விருந்து. பேர்தான் சமபந்தி, காலனிக்காரர்கள் வாசலிலேயே பொட்டலம் வாங்கிப் போவார்கள். அந்த வருடம் காலனியிலிருந்து ஆயா மட்டும் உள்ளே வந்து, பெரிய தோட்டத்துக்காரருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். ஆயாவின் மகன் வேலை பார்ப்பது அவர் தோட்டத்தில்தான்.

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எழப்போன தோட்டத்துக்காரர், எதிரே தாசில்தாரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு இலையை மூடினார். ஆனால் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பந்தியில் மற்றவர் எழக் கூடாது. அதை மீறுகிறவர்களைச் சத்தம் போடுவதே அவர்தான்.

ஆயா பருக்கை பருக்கையாகத் தின்றார்.

“தம்பி, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க.”

ஊற்றினேன். தோட்டத்துக்காரர் பல்லைக் கடித்தபடி மெதுவாகக் கேட்டார்: “ஏனம்மணி, இன்னுமா ஆகுல?”

ஆயா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சோறு சூடுங்க. மெதுவாத்தானுங்க திங்கோணும்.”

தோட்டத்துக்காரர் தன் மூடிய இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சோற்றைப் போட்டவன் நான். தாசில்தார் பேசி முடிக்கக் காத்திருந்ததில், அது அண்டாவிலேயே ஆறிச் சில்லிட்டுப் போயிருந்தது.