கையோடு வந்துவிட்ட பேரிங்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி ஓடாவிட்டால் அந்தத் தடத்து வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று ஆய்வக மேலாளர் சொல்லிவிட்டார். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பதுதான் ஊசிக்காரருக்குப் பதினோரு வருடப் பிழைப்பு. அவருடைய மோட்டார் சைக்கிளோ பின்சக்கரம் கழற்றப்பட்டுச் செங்கல்மேல் நின்றது. அச்சில் சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்குகள் இரண்டும் கெட்டுப்போயிருந்தன.

சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கு கடை ஏறி இறங்கியாயிற்று. எல்லாரும் கேட்டது, "என்ன வண்டி?" பேரைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த மாடல் நின்றுபோய் வருடக்கணக்காகிறது. பழைய பேரிங்குகளில் இருந்த எண்ணும் தேய்ந்து போயிருந்தது.

"நம்பரக்காகிட்ட போய்ப் பாருங்க" என்றார் நான்காவது கடைக்காரர். "வண்டி பேரை மட்டும் சொல்லிராதீங்க."

இரண்டு பேர் தோள் உரசாமல் நிற்க முடியாத கடை. தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள். ஒன்றிலும் வண்டிப் படம் இல்லை, எண்கள் மட்டும். அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும்.

"அக்கா, என்னோட வண்டி வந்து..."

"வண்டி வெளியவே நிக்கட்டும் தம்பி. பேரிங்கைக் குடுங்க."

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெர்னியர் அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் அளந்தார். "உள்ள பதினஞ்சு. வெளிய நாப்பத்திரெண்டு. கனம் பதிமூணு." தலையைத் திருப்பாமலே கையைப் பின்னால் நீட்டி இரண்டு பெட்டிகளை உருவினார். "அறுபத்துமூணு சைபர் ரெண்டு."

"இது எந்த வண்டியோடதுக்கா?"

"அது அதுக்கே தெரியாது. தண்ணி மோட்டார்லயும் இருக்கும், மரம் அறுக்கிற மெஷின்லயும் இருக்கும். உலகத்துல எந்த மூலையில கேட்டாலும் இதே நம்பர், இதே அளவு."

கணவர் திடீரென்று இறந்து கடை கைக்கு வந்தபோது அக்காவுக்கு ஒரு வண்டியின் பேரும் தெரியாதாம். வந்தவர்கள் கேட்கக் கேட்கத் திருதிருவென்று விழித்திருக்கிறார். மேசையில் அளவுப் புத்தகம் ஒன்று கிடந்தது. பேர் தெரியாவிட்டால் என்ன, அளந்தால் போயிற்று என்று அன்றைக்கு ஆரம்பித்ததுதான். "இன்னிக்கு வரைக்கும் ஒரு பேரும் தெரியாது" என்றார், வெட்கமே இல்லாமல்.

ஊசிக்காரர் பெட்டிகளுக்குக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. பழைய பேரிங் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழட்டினது யாரு?"

"மச்சான். மெக்கானிக்தான்."

"இதை அடிச்சு எடுத்தாரா, கையோட வந்துச்சா?"

"அது கையோட வந்துருச்சுக்கா. அதிர்ஷ்டம்னு ரெண்டு பேரும் டீ குடிச்சோம்."

"நல்லா குடிச்சீங்க. மூட்டை முடிச்சோட வாசல்ல நின்ன பேரிங் தம்பி இது." வெளிவளையத்தைக் காட்டினார். சுற்றிலும் கண்ணாடி மாதிரி மினுங்கியது. "வெளி வளையம் சுத்தவே கூடாது. இது சுத்திச் சுத்திச் சக்கரத்துக் குழியைத் தின்னுருக்கு. புதுசு போட்டா அதுவும் ஒரே மாசத்துல ஆடும்."

சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் திரும்ப அடுக்கிவிட்டார். ஊசிக்காரரின் கண் அந்த வளையத்தை விட்டு நகரவில்லை. கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரல் நுனியால் கண்டுபிடிக்கிறவர் அவர். கண்ணாலேயே காணாத சக்கரத்தின் நோயை ஒரு மினுக்கத்தில் படித்துவிட்டாரே இந்த அம்மாள்.

"சக்கரத்தைத் தூக்கிட்டு வாங்க. ஆறு மணி வரைக்கும் இருப்பேன்."

பேருந்தில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா சொன்னபடியேதான் இருந்தது: ஒரு பக்கத்துக் குழி அகன்றிருந்தது. இரண்டு கடை தள்ளியிருந்த லேத் பட்டறைக்கு அக்காவே கூட வந்தார். குழியை இன்னும் அகலமாகக் கடைந்து, அதில் ஒரு வளையத்தை இறுக்கி, அதன் உள்ளே நாற்பத்திரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவாகக் கடையச் சொன்னார்.

"குறைச்சலா இருந்தா உள்ள போகாதேக்கா?"

"போகும். பேசாம பாருங்க."

புதுப் பேரிங்குகள் இரண்டும் அதற்குள் அவர் கடைக் குளிர்பெட்டியில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் உறைந்துகொண்டிருந்தன. பட்டறைக்காரர் சக்கரத்தின் நடுப்பகுதியை அடுப்பில் காட்டினார். எச்சில் துளி பட்டுச் சீறியதும் அக்கா பேரிங்கைத் துணியோடு எடுத்து வந்து, குழியின் மேல் நேராகப் பிடித்து, விட்டார்.

டொக். அவ்வளவுதான். சுத்தியல் இல்லை, அடி இல்லை. ஊசிக்காரர் வாயைப் பிளந்து நின்றார். சூட்டில் விரிந்த குழியும் குளிரில் சுருங்கிய பேரிங்கும் பழைய நிலைக்கு வந்த சற்று நேரத்தில் விரலால் நெம்பினார். மலை மாதிரி அசையவில்லை. சக்கரத்தைத் திருப்பி, நடுக்குழாயை இறக்கி, மற்றதையும் அப்படியே போட்டார்கள்.

"இனிமே கையோட வந்தா என்கிட்ட வராதீங்க" என்றார் அக்கா.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். "என்னங்க, வண்டி தயாரா? இல்ல, ஆளை மாத்தட்டுமா?"

"மூணு வீடு முடிஞ்சது சார். நாலாவது வீட்டு வாசல்ல நிக்கிறேன்."