அவர் போடாத கையெழுத்து

வங்கியில் வேலை பார்த்தபோது காசோலையில் இருக்கும் கையெழுத்தை வாடிக்கையாளரின் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகும் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில் சின்ன வீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா காலமான வருஷம்தான் பழைய நடிகர்கள் கையெழுத்துப் போட்ட புகைப்படங்களை இணையத்தில் வாங்க ஆரம்பித்தேன்.

அப்படி வாங்குகிறவர்களுக்கு முகநூலில் ஒரு குழு இருக்கிறது. "மேடம், இது ஒரிஜினலா?" என்று படம் அனுப்புவார்கள். பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வேன். போலிக் கையெழுத்தை யாரும் எழுதுவதில்லை, வரைகிறார்கள். கோடு ஒரே தடிமனில் தயங்கித் தயங்கிப் போய் முடிகிற இடத்தில் மழுங்கிவிடும். சொந்தக் கையெழுத்து அப்படி இருக்காது. பேனாவைத் தூக்கும் முன்பே மனசு வேறு வேலைக்குப் போய்விடுவதால் கடைசிக் கோடு மெலிந்து மறையும். பதில் சொன்னால் ஒரு கும்பிடு பொம்மை வரும். அதோடு சரி. கூரியர்காரரிடம் ஓடிபி சொல்வதைத் தவிர வேறு பேச்சே இல்லாத நாட்கள் எனக்கு உண்டு.

ஒருநாள் கூரியரில் நான் ரொம்ப நாளாகத் தேடிய ஒரு நடிகரின் படம் வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் நாலைந்து படங்களில் கதாநாயகனாக நடித்து, பிறகு காணாமல் போனவர். கறுப்பு வெள்ளைப் படம், கீழே நீல மையில் தமிழ்க் கையெழுத்து. சாய்த்துப் பிடித்தால் மை பளபளத்தது. அச்சில்லை, பேனாவேதான். ஆனால் என்னிடம் இருந்த அவருடைய நிஜக் கையெழுத்து இரண்டோடும் அது சேரவில்லை. சுழி வேறு மாதிரி, அழுத்தமும் வேறு. போலி என்று ஒதுக்கவும் முடியவில்லை. கோட்டில் தயக்கமே கிடையாது. நூற்றுக்கணக்கான தடவை போட்டுப் பழகிய கை. வேறொருவர் கையெழுத்தை இவ்வளவு சரளமாகப் போட்டது யார்?

அவர் பெசன்ட் நகரில் இருப்பதாகக் குழுவில் ஒருவர் எப்போதோ எழுதியிருந்தார். விசாரித்துப் போனேன். வீட்டு வேலை செய்யும் அம்மாள் கதவைத் திறந்தார்.

"இன்னா மேடம், யாரைப் பாக்கணும்?"

சொன்னேன்.

"ஐயாவையா? ஐயாவைத் தேடிக்கினு யாருமே வர்றதில்லையே! டிவி பாத்துக்கினு கீறாரு, உள்ள வா."

திரையில் பார்த்த தோள்கள் சுருங்கி, சாய்வு நாற்காலியில் பாதிதான் இருந்தார். வலது கை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. வந்த காரணத்தைச் சொல்லிப் படத்தை நீட்டினேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது நான் போட்டதில்லையேம்மா."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, சார். ஆனா யாரோ ரொம்பப் பழகின கையா இருக்கு."

அவர் கட்டை விரலால் அந்த நீலக் கோட்டின் மேல் மெதுவாகத் தடவினார்.

"என் சம்சாரம் போட்டது," என்றார். "தி.நகர் வீட்டுக்குப் படம் கேட்டு ரசிகருங்க கடுதாசி கட்டுக் கட்டா வரும். எனக்கு ஷூட்டிங். மத்தியானம் ரேடியோவைப் போட்டுட்டு உக்காந்து எல்லாப் படத்துலயும் அவதான் என் கையெழுத்தைப் போடுவா. 'என்னை விட நீ நல்லாப் போடுற'ன்னு கேலி பண்ணுவேன். ஷூட்டிங் நின்னப்புறமும் கொஞ்ச நாள் கடுதாசி வந்துது. அதுக்கும் போட்டா." படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அவ போய் ஆறு வருஷம் ஆச்சு. அவ கையால எழுதினது ஒண்ணுகூட இந்த வீட்டுல இல்லை," என்றார்.

படத்தை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போதுதான் கவனித்தவர்போல, "அடடா, நீ காசு குடுத்து வாங்கினதாச்சே," என்று பதறினார். வேலை செய்யும் அம்மாள் அலமாரியிலிருந்து அவருடைய பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனா நின்று நின்று போனது.

"இது அசல். சந்தேகமே வேண்டாம்," என்று சிரித்தார். "சும்மா இருக்கும்போது வாம்மா."

யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

அன்று மாலை அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படத்தைக் குழுவில் போட்டேன். எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை. எழுதினால் அவர் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். பதில்கள் மளமளவென்று வந்தன. கோடு நடுங்குகிறது, யாரோ பார்த்து வரைந்திருக்கிறார்கள், கடைசிக் கோடு மழுங்கல். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான். "மேடமே ஏமாந்துட்டாங்களே" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். படத்தை எடுத்துவிட்டேன். கோபம் வரவில்லை. நடிகரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே போய் நின்றால் தொந்தரவாக இருக்குமோ என்று தள்ளிப்போட்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன். கதவு பூட்டியிருந்தது. அந்த அம்மாள் எதிர்வீட்டில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயாவைப் புள்ள வந்து இட்டுக்கினு பூட்டாரு மேடம். பெங்களூராம். இந்த வூட்டை வாடகைக்கு வுடப் போறாங்களாம்."

"போன் நம்பர் ஏதாவது இருக்கா?"

"என்கிட்ட ஏது? போற வரைக்கும், அந்தம்மா வந்தா உக்கார வைன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சோளம் வாங்கிக்கொண்டு, இடம் பார்த்து நானும் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அலைக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டேன்.