அட்டையில் இல்லாத பெயர்

தொண்ணூறுகளில் ஆவடியிலேயே ஹார்ட் ராக் வாசிக்கும் ஒரே ஆள் நான்தான் என்று எனக்கொரு திமிர் இருந்தது. என் முதல் ஆல்பத்தை ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது, ஒரு பாட்டின் நடுவே வரும் வேகமான கிதார் பகுதி மட்டும் என் விரலுக்கு வரவேயில்லை. நண்பன் டேவிட் அதை ஒரே டேக்கில் வாசித்துக் கொடுத்தான். கேசட் அட்டையில் கிதாருக்கு நேரே என் பெயரை மட்டும் போட்டுக்கொண்டேன்.

சர்ச் ஹாலில் வெளியீடு. முதலில் கேசட்டை ஓடவிட்டோம். கேட்ட கூட்டம், அந்தப் பகுதியை மேடையில் வாசிக்கச் சொல்லிக் கத்தியது. ஆரம்பித்த வேகத்திலேயே தடுமாறினேன். சட்டென்று சத்தம் நின்றது. திரும்பினால், ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு டேவிட் நின்றிருந்தான்.

"மெஷின் பூட்ச்சிபா, மன்னிச்சுக்கோங்க" என்று கூட்டத்திடம் சொன்னான். பிறகு என் காதருகே வந்து, "போ மாமே, கையெழுத்து போடு. ஜனம் காத்துகினு கீது" என்றான்.

வரிசையில் அவன் அம்மாவும் கேசட்டோடு வந்தார். "நடுவுல அந்த கிதாரு இன்னா சூப்பரா கீது நைனா! எம்புள்ளைக்கும் கொஞ்சம் கத்துக் குடேன்."

அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.