விசிலுக்கு வந்த முப்பத்தெட்டு ஆடுகள்

2022 ஜூலை 13, புதன்கிழமை, பௌர்ணமி, மாலை நான்கு நாற்பது. மலைக்குப் பின்னால் மேகம் கட்டியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை, வெறும் புழுக்கம். அடி அண்ணாமலையில் என் மைத்துனனுடைய ஆட்டுக் கொட்டகைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கிரிவலப் பாதை எண்பத்தாறு எட்டு வைக்கும் தூரம். நானே நடந்து எண்ணியது. பாதையில் நின்ற போலீஸ்காரர் கூட்டத்தை ஒதுக்குவதற்காக விசில் ஊதினார். நடுவிலிருந்த தரிசில் மேய்ந்துகொண்டிருந்த முப்பத்தெட்டு ஆடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. ராணுவத்தில் இருபத்துநான்கு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். கையில் வந்த பணத்தில் அறுபது சென்ட் நிலத்தில் கொட்டகை போட்டு ஆடு வாங்கினான். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து கால்நடைக் கணக்கெடுப்புத் தாள்களைக் கூட்டியவன் நான். ஆடு எத்தனை சுலபமாகச் செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். வேங்கிக்காலில் ஒரு தனியார் அலுவலகத்தில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லிவைத்து, விண்ணப்பத் தாளையும் வாங்கி வைத்திருந்தேன். அவன் என் மனைவி முன்னால் ஒரு வாக்குக் கொடுத்தான். "ஒரு வருஷம் விடுங்க மாமா. சரிப்பட்டு வரலைன்னா நீங்க சொன்ன எடத்துல போய் கதவு தொறந்து விடறேன்." விசில் ஊதிய அன்று பத்து மாதம் முடிந்திருந்தது.

ஆடுகளையும் அவன் பட்டாளமாகத்தான் நடத்தினான். ஒவ்வொன்றின் காதிலும் எண். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஆஜர். ஆரம்பத்தில் 'பா பா' என்று கூப்பிட்டுப் பார்த்தான். பாதி வரும், பாதி வராது. மே மாதம் பெட்டியிலிருந்து தன் பழைய விசிலை எடுத்தான். விசில் ஊதியவுடன் தீவனத் தொட்டியில் தவிடு கொட்டுவான். பன்னிரண்டே நாளில் முப்பத்தெட்டும் விசில் கேட்டதும் ஓடிவந்து தொட்டியோரம் வரிசையாக நிற்கப் பழகிவிட்டன. இதில் அவனைவிட மகிழ்ந்தவன் நான்தான். அங்குமிங்கும் அலையும் ஆடுகளை எண்ணுவது எவ்வளவு தொல்லை என்பது எண்ணியவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும், இரண்டு குறையும். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. வரிசையில் நின்றால் இருபது விநாடியில் எண்ணிவிடலாம். "இதை மட்டும் விட்டுடாத மச்சான், பிரமாதமான ஏற்பாடு" என்று சொன்னது நான்தான்.

அதற்கு முந்தைய பௌர்ணமிகளில் கூட்டம் இருட்டிய பிறகுதான் பெருகும். அதற்குள் ஆடுகள் கொட்டகையில் அடைபட்டிருக்கும். அந்த மாதம் விடியற்காலையே பௌர்ணமி பிறந்துவிட்டதால் பகலெல்லாம் ஜனம். இதை அவனும் யோசிக்கவில்லை, எதையும் பத்து முறை யோசிக்கிற நானும் யோசிக்கவில்லை.

நாங்கள் பாதைக்கு ஓடிச் சேர்ந்தபோது, போலீஸ்காரரைச் சுற்றி ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. அவர் விரட்டுவதற்காக மறுபடி ஊதினார். அவை இன்னும் நெருங்கி நின்றன.

"யாருங்க இது ஓனரு?" என்றார்.

"நான்தாங்க சார். எக்ஸ் சர்வீஸ்மேன்."

"காலைலேர்ந்து தொண்டை வறள ஊதறேன், ஒரு மனுஷன் கேக்கல. உங்க ஆடாவது கேக்குதே. ஓட்டிட்டுப் போங்க மொதல்ல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மைத்துனனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எண்ணிப் பார்த்திருந்தேன்: அங்கே நின்றவை இருபத்தாறு. விசில் ஊதியும் தவிடு கிடைக்காத மற்ற பன்னிரண்டும், அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த பாக்குமட்டைத் தட்டுகளில் வாய் வைத்திருந்தன. சாம்பார் சாதம், பொங்கல், கேசரி. ஒரு தெலுங்கு அம்மாள் புண்ணியம் என்று தன் தொன்னையையே ஒன்பதாம் எண் ஆட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது, சினை ஆடு.

வெந்த சோறு அளவுக்கு மேல் போனால் ஆட்டுக்கு விஷம் மாதிரி. கொட்டகைக்கு ஓட்டி வந்து கொஞ்ச நேரத்துக்குள் பன்னிரண்டில் பதினொன்றுக்கு இடது பக்கம் உப்பிவிட்டது. தட்டினால் மத்தளம் போலச் சத்தம். கால்நடை மருத்துவர் கூட்டத்தில் சிக்கிக்கொண்டு போனிலேயே சொன்னார்: சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டுங்கள், கடலை எண்ணெய் கொடுங்கள், ஒன்றையும் படுக்க விடாதீர்கள். மைத்துனன் வாயைப் பிடிக்க, அவன் மனைவி புகட்ட, கொடுத்ததையும் கொடுக்காததையும் நான் சாக்பீஸால் முதுகில் குறித்தேன். பிறகு மூவரும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து நடத்தினோம். எழுபது வயதில் நான் ஆட்டோடு அந்தக் கொட்டகையை நூற்றுநாற்பது சுற்று சுற்றினேன். பாதையில் போனவர்கள் மலையைச் சுற்றினார்கள்.

ஏழே கால் மணிக்கு மருத்துவர் நடந்தே வந்து சேர்ந்தார். அதற்குள் பத்து ஆடுகள் ஏப்பம் விட்டு, வயிறு வற்றிவிட்டன. ஒன்பதாம் எண் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் ஊசி போட்டுப் பார்த்தும் பிழைக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் வந்து, "கறிக்காவது போட்டுடலாமே" என்றார். மைத்துனன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். குழி வெட்டி முடித்து, கையைக்கூடக் கழுவாமல் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மாமா, அந்த ஃபாரம் இன்னும் இருக்குதா?"

பத்து மாதமாக நான் காத்திருந்த கேள்வி அது. இருக்கிறது என்று சொன்னால் போதும். மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பான். அவன் மனைவி புகட்டும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் எழுந்து இன்னொரு முறை கொட்டகைக்குள் போய் எண்ணினேன். இருட்டில் ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

"முப்பத்தேழு இருக்கு மச்சான்" என்றேன். "முப்பத்தெட்டுல முப்பத்தேழு. கவர்ன்மெண்ட் பள்ளிக்கூடத்துல இதை ஃபர்ஸ்ட் கிளாஸ்ம்பாங்க."

"ஜாஸ்தி பேசாதீங்க மாமா. தப்பு என்னுது."

"விசிலை விடாதன்னு சொன்னது யாரு? வாக்குக் கொடுத்தது ஒரு வருஷத்துக்கு. இன்னும் ரெண்டு மாசம் கெடக்குது."

அவன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் எந்திரிச்சி வந்து சாப்புடுங்க. சோறு வேணாம்னா தோசை ஊத்தறேன்" என்றாள். அப்போதுதான் அவன் அன்று இரண்டாவது முறையாகச் சிரித்தான்.

அந்த இரண்டு மாதமும் முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது எண்கள் அறுபத்து நான்கு வரை போகின்றன. விசிலுக்குப் பதில் ஒரு அலுமினியத் தட்டைத் தட்டுகிறான். பௌர்ணமியன்று பகலிலேயே கொட்டகையை அடைத்துவிடுகிறான். தட்டுச் சத்தத்துக்கு ஆடுகள் வருகின்றனவே தவிர, வரிசையில் நிற்பதில்லை. தினமும் சாயங்காலம் பஸ் ஏறிப் போய், ஓடுகிற ஆடுகளுக்கு நடுவில் நின்று மூன்று முறை எண்ணுகிறேன். மூன்றும் ஒத்துவராவிட்டால் நான்காவது முறை. என் மனைவி, "ஆடு அவனுதா, உங்களுதா?" என்று கேட்கிறாள்.

நியாயமான கேள்விதான். ஒன்பதாம் எண் காலியாக இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால், ஆடு செத்த அடுத்த வாரமே சந்தையில் ஒரு சினை ஆடு வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்து கட்டினேன். மைத்துனன் பணம் கொடுக்க வந்தான், வாங்கவில்லை. பிரமாதமான ஏற்பாடு என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு, ஆடு, சோடா, எண்ணெய், ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.