எட்டு விழுக்காடு வெளிச்சம்

2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11 மணி 42 நிமிடம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. வலியசாலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 33 டிகிரி காட்டியது. காரில் ஏறுமுன்பே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. கழக்கூட்டத்தில் மேம்பாலத்தின் அடியில் திரும்பும்போது என் காரின் இடது முன்மூலை ஒரு ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது.

இடித்தவுடன் நான் பார்த்தது கடிகாரத்தை. அதனால்தான் நிமிடம் வரை எழுத முடிகிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பின்னிருக்கையில் இடது ஓரத்தில் என் மனைவி தலையோடு புடவையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அறுபத்தொன்பது வயது, எனக்கு எழுபத்துநான்கு. அவளுக்கு லூபஸ் என்கிற நோய். வெயில் பட்டால் தோல் சிவந்து தடிக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை, உள்ளே சிறுநீரகத்தையும் பிடிக்கும். முந்தைய ஆண்டு ஒரு கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றாள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெளியே விடும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இன்னொரு தடவை இப்படி வெயில் பட்டால் சிறுநீரகம் தாங்காது. அந்த டாக்டர் இருப்பதோ கழக்கூட்டத்துக்கும் அப்பால். வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், பதினொரு சிக்னல். மாதம் இரண்டு தடவை போக வேண்டும்.

அதனால் கார்க் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டப் போனேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் இங்கேதான். இரண்டு சுருள்களை எடுத்து மேஜைமேல் உருட்டினார். ஒன்று நல்ல கறுப்பு. இன்னொன்று தண்ணீர்போல் இருந்தது, ஒட்டினால் ஒட்டியதே தெரியாது. கறுப்புக்கு மொத்தம் 3,200. தெளிந்ததற்கு 13,500.

"அம்மாவுக்குத் தோல் வியாதின்னு சொல்லுதீய. அப்பம் இந்தத் தெளிஞ்சதுதான் சாமி வேணும். வெயில்ல இருக்க விசத்த இதுதான் தடுக்கும்" என்றார்.

நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபோது சொந்தமாக வாங்கிய ஒளிமானி என்னிடம் உண்டு. அதைப் பையில் கொண்டுபோயிருந்தேன். தெளிந்த ஃபிலிமை மீட்டரின் கண்ணுக்குமேல் பிடித்தேன். முள் அசையவே இல்லை. கறுப்பைப் பிடித்தேன், நூற்றிலிருந்து இருபத்தெட்டுக்கு விழுந்தது.

"பாரும், எது தடுக்கிறதென்று நீரே பாரும்."

அவர் சிரித்தார். "மீட்டருக்கு என்ன சாமி தெரியும்? ஓட்டக் குடையும் கறுப்பாத்தான் இருக்கும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். கறுப்பையே ஒட்டச் சொன்னேன். பத்தாயிரத்து முந்நூறு மிச்சம்.

சட்டத்தைப் பற்றியும் அவர் சொல்லாமல் இல்லை. புதுக் காரில் வருகிற கண்ணாடியே முன்னும் பின்னும் எழுபது விழுக்காடு, பக்கங்களில் ஐம்பது விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். அதன்மேல் ஃபிலிம் என்று எதை ஒட்டினாலும் அப்போது குற்றம். "ஆனா தெளிஞ்சத ஒட்டினா எவன் சாமி கண்டுபிடிக்கப் போறான்? கறுப்ப நூறடிக்கு முன்னயே பாத்து கை காட்டிருவான்." போலீஸ் கை காட்டத்தான் செய்தது. மூன்று மாதத்தில் இரண்டு தடவை, தடவைக்கு ஐந்நூறு அபராதம். இரண்டாம் தடவை டாக்டரின் கடிதத்தை நீட்டினேன். அதிகாரிக்கு என் மகன் வயதுகூட இருக்காது. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "ஃபிலிமினு பகரம் ஈ லெட்டர் ஒட்டிச்சோ, அப்பூப்பா." ஃபிலிமுக்குப் பதில் கடிதத்தை ஒட்டிக்கொள்ள வேண்டுமாம் இந்தத் தாத்தா. எட்டு நாளில் பிரித்துவிட்டு வண்டியைக் காட்ட வேண்டும் என்றார். நான் பிரிக்கவில்லை.

பிரிக்காதது மட்டுமல்ல. மூன்று பயணத்துக்குப் பிறகு அவளுடைய இடது முழங்கையில் சிவப்பு தெரிந்தது. "கேட்டேளா, கை எரியறது" என்றாள். கறுப்பு போதவில்லை என்று நினைத்தேன். மறுபடி கடைக்குப் போய் இடது பக்கக் கண்ணாடிகள் இரண்டிலும் இன்னொரு அடுக்கு ஒட்டச் சொன்னேன். பின்கதவில் அவளுக்காக; முன்கதவில், அங்கிருந்தும் சாய்வாக வெளிச்சம் வருமே என்பதற்காக. 1,400 ரூபாய். கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, "சாமி, இதுக்கு மேல பக்கத்துல எரும வந்து நின்னாலும் தெரியாது, பாத்துக்கிடுங்க" என்றார். நான் மீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன். நூற்றுக்கு எட்டு. இருபத்தெட்டில் இருபத்தெட்டு விழுக்காடு, கணக்கு சரியாக வந்தது. எனக்குத் திருப்தி.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வெயிலிலிருந்து மேம்பாலத்தின் நிழலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் கரும்பலகை ஆகிவிட்டது. ஸ்கூட்டர் அங்கே இருந்ததை நான் பார்க்கவில்லை. தகரம் நசுங்கியது. ஒரு பெண் அலறினாள். முன்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. கல் என்று நினைக்கப் பார்த்தேன், கல் அவ்வளவு மெத்தென்று இருக்காது.

"ஏன்னா, நிறுத்துங்கோ! யாரோ விழுந்துட்டா!"

நான் நிறுத்தவில்லை. ஏன் என்று போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், நானும் பல தடவை கேட்டுக்கொண்டேன். கால் பெடலை அழுத்தியது, அவ்வளவுதான். பிறகு டேப் பிடித்து அளந்தார்கள்: 84 மீட்டர். இடித்த இடம் பாலத்தின் நிழல். நான் ஓடிப்போய் மாட்டிக்கொண்ட இடம் பட்டவெயில். ஒரு ஆட்டோ குறுக்கே வந்து மறித்தது.

பைக்குகள் ஏழு. ஆட்கள் முதலில் பதினொருவர்; அதற்குப் பிறகு என்னால் எண்ண முடியவில்லை. ஒருவன் ஹெல்மெட்டால் என் பக்கத்துக் கண்ணாடியை அடித்தான். மூன்றாவது அடியில் அது பொரிந்து வெள்ளையாகியது. ஃபிலிம் பிடித்துக்கொண்டதால் உதிரவில்லை, துணிமாதிரி உள்ளே தொங்கியது. இரண்டு கைகள் அதைக் கிழித்து இழுத்தன. அடுத்து என் சட்டைக் காலர். கதவு எப்போது திறந்தது என்று தெரியவில்லை. தார் ரோட்டில் முழங்காலும் உள்ளங்கையும் உரசின. முதல் அறையில் மூக்குக்கண்ணாடி போனது. இரண்டாவது வாயில் விழுந்தது. நாக்கால் தடவிப் பார்த்தேன், கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. விலாவில் ஒரு உதை. அந்தச் செருப்பில் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது.

நானும் அடித்தேன். அதை மறைக்க மாட்டேன். காரில் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோகும் ஸ்டீல் பிளாஸ்க் கீழே உருண்டு கிடந்தது. அதை எடுத்து எனக்கு மிக அருகில் இருந்த முகத்தில் முழுப் பலத்தோடு இறக்கினேன். புருவம் வாய்போலத் திறந்தது. அந்தப் பையன் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொரு அடி ஓங்கினேன். அந்த நேரத்தில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எழுபத்துநான்கு வயதில் அப்படி ஒரு மகிழ்ச்சி தனக்குள் இருப்பது தெரியவருவது நல்லதல்ல. பிளாஸ்கைப் பிடுங்கி அதனாலேயே என் தோளில் போட்டார்கள்.

அதற்குள் யாரோ ஒருவன் கத்தினான்: "அகத்து ஆரோ உண்டு! கறுத்த கிளாஸிட்டு ஒளிப்பிச்சிரிக்கயா!"

உள்ளே யாரையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்றதும் கூட்டத்தின் குரலே மாறிவிட்டது. குழந்தையைக் கடத்துகிறான் என்று பின்னால் ஒருவன் சேர்த்துக்கொண்டான். இடது பின்கண்ணாடியில் கல் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டடுக்கு ஆயிற்றே, விடவில்லை. ஏழாவது அடியில் சட்டத்தோடு பிதுங்கி உள்ளே சாய்ந்தது. ஒரு சில்லுகூட அவள்மேல் படவில்லை. கையை விட்டுக் கதவைத் திறந்து, போர்த்திய புடவையோடு அவளை வெளியே இழுத்தார்கள். முகத்தைப் பார்க்க ஒருவன் தலைப்பைப் பறித்தான்.

நரைத்த தலை. கன்னங்களில் பழைய தழும்பு.

"ஏலே, விடுங்கலே! ஆச்சிலே இது!" என்றது ஒரு தமிழ்க் குரல்.

விட்டார்கள். விட்டதால் அவள் நடுச்சாலைத் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேர் உச்சியில் சூரியன். நிழல் என்று ஒரு சாண் இல்லை. கார்ச் சாவியை யாரோ ஒருவன் எடுத்துவிட்டான், பின்னிருக்கையில் பிதுங்கி விழுந்த கண்ணாடி. பறித்ததில் கிழிந்துபோன தலைப்பு நாலைந்து பேர் மிதித்து எண்ணெயில் கிடந்தது. "வெயில், வெயில்" என்று கத்தினேன். இரண்டு மொழிக்கும் அது ஒரே சொல்தான். ஆனாலும் புரியவில்லை.

"எல்லாவர்க்கும் வெயிலுண்டு, அப்பூப்பா" என்றான் ஒருவன். எல்லோருக்கும்தான் வெயில் அடிக்கிறதாம். சிலர் சிரித்தார்கள். 84 மீட்டர் பின்னால் அந்தப் பெண் கிடந்து அலறுவது இன்னும் கேட்டது. சிரிக்காதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

தொங்கிக் கிடந்த கறுப்பு ஃபிலிமைக் கண்ணாடியோடு பிய்த்து எடுத்து அவள் தலைக்குமேல் இரண்டு கையாலும் பிடித்தேன். சில்லுகள் என் மணிக்கட்டில் ஏறின. அவள் முகத்தில் இருட்டு விழுந்தது. போதும் என்று நினைத்தேன். பதினாலாவது நிமிடம் ஒரு கட்டட வேலைக்காரன் காலிச் சிமெண்டுச் சாக்கு இரண்டோடு வந்தான்.

"அதத் தூரப் போடும் தாத்தா. அதுல என்ன இருக்கு? இதப் பிடியும்."

ஒன்றை அவள்மேல் போர்த்தினான், இன்னொன்றை மேலே பிடித்தான். அவன் செருப்பைப் பார்த்தேன். சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. இருபத்திரண்டாவது நிமிடம் போலீஸ் ஜீப் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு, தகடு வைத்தார்கள். மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். புருவம் கிழிந்த பையன் அவளுடன் வேலை பார்ப்பவன். ஸ்டேஷனில் மூன்று தையலோடு எதிரே உட்கார்ந்திருந்தான். என்னைத் திட்டவில்லை. "அவிடெத்தன்னெ நிர்த்தியிருந்நெங்கில் ஞங்ஙள் தொடில்லாயிருந்நு" என்றான். இடித்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் நாங்கள் தொட்டிருக்கவே மாட்டோம். நான் யார்மீதும் புகார் கொடுக்கவில்லை. அவனும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் முகம் வீங்கியது. ஐந்தாம் நாள் சிறுநீர் நின்றது. இருபத்தேழு நாள் ஆஸ்பத்திரி. காரில் என்ன ஃபிலிம் ஒட்டியிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். இருபத்தெட்டு, எட்டு என்று எண்ணிக்கை சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் இயற்பியல் அல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

ஒளிமானி மனிதக் கண் பார்ப்பதை மட்டுமே பார்க்கும்படி செய்த கருவி. அவளைச் சுடுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர். சாயம் ஏற்றிய கறுப்பு ஃபிலிம் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். முப்பத்தோரு ஆண்டு, ஒவ்வொரு ஜூலையிலும், இதைத்தான் பையன்களுக்குப் படம் போட்டுக் காட்டினேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் செய்தித்தாளில் வந்தது: அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டினால் அபராதம் போடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்னும் பின்னும் எழுபது, பக்கங்களில் ஐம்பது. சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஓட்டைக் குடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கண்ணாடி போட்டு, தெளிந்த ஃபிலிமை ஒட்டிக்கொடுத்தார். மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் கொண்டுபோகவில்லை.

அவள் காரில் ஏறி விரலால் கண்ணாடியைத் தடவினாள்.

"இதுல ஒண்ணுமே ஒட்டலையேன்னா?"

"ஒட்டியிருக்கு. தெரியாது."

"இது முன்னாடியே இருந்துதா?"

"இருந்தது."

"என்ன வெலை?"

சொன்னேன். மூன்று சிக்னல் தாண்டியது. பிறகு, "ஆத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? என் வளையல் ஒண்ணைக் கழட்டிக் குடுத்திருப்பேனே" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். சென்ற வெள்ளியோடு தொண்ணூற்றாறு தடவை. அன்று திரும்பி வரும்போது மேம்பாலத்தின் அடியில் சிக்னலுக்கு நின்றோம். இடது பக்கம் ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஓட்டியவளின் வாட்சில் மணிகூடத் தெரிந்தது. என் மனைவி பின்னிருக்கையிலிருந்து கேட்டாள்.

"எல்லாத்தையும் எண்ணி வெச்சிருப்பேளே. அந்தப் பொண்ணோட காலு, அந்தப் பையனோட தையலு, உங்க பல்லு, நான், எல்லாமாச் சேத்து எவ்வளவு ஆச்சு?"

காப்பீட்டில் கழிந்தது போக, நான்கு லட்சத்து முப்பதாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.