சொந்த ஊர் என்ற இடத்தில் நான் எழுதியது

போன ஆடி மழையில் எனக்குக் காய்ச்சல். கூரை ஒழுகியதால் சுவர்ப்பக்கம் தலையை வைத்து மல்லாந்து கிடந்தேன். தேயிலைத் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில், எங்க ஒற்றையறைக் காம்பராவில் குளிர்காற்றை அடைக்க, துரை பங்களாவில் கழித்துப்போட்ட பத்திரிகைத் தாள்களை அம்மா சுவரெல்லாம் ஒட்டியிருந்தாள். எழுத்து தெரியாததால் பாதி தலைகீழ். அப்படிக் கிடந்தபோது ஒரு தாள் எனக்கு நேராகத் தெரிந்தது.

ஆங்கிலம். ஒரே பாடத்தைக் கட்டி அழவேண்டாம்; சரித்திரம், விஞ்ஞானம், சங்கீதம் எல்லாம் சேர்த்துப் படிக்கலாம்; மூன்றாம் வருஷம் வேறொரு நாட்டுக்கே அனுப்பிப் படிக்க வைப்பார்கள். அப்படியும் கல்லூரிகள் இருக்கின்றனவாம்! காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"முனி புடிச்சிருச்சா ஒனக்கு? படுடா," என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கூடும் அன்பர்களே, இது அந்தத் தாளில் தொடங்கியது.

ஹட்டனில் படித்துவிட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியாராக இருக்கிறேன். வயது பத்தொன்பது. நாலு கல்லூரிகளுக்கு எழுதினேன். இரண்டு பதில் போட்டன. ஒன்று அமெரிக்காவில். மற்றது மதராஸ் பக்கம். அதுவும் நன்றாகப் படிக்கிறவர்களை ஒரு வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்புமாம். கிட்டத்தில் இருப்பதையே பிடித்துக்கொண்டேன். படிவத்தை ஒரே மூச்சில் நிரப்பினேன். சொந்த ஊர் எது? லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்கிற மாதிரி, தாத்தா இந்தியாவில் விட்டு வந்த துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தை எழுதினேன். படிப்பு முடிந்து எங்கே இருப்பீர்? அதற்கும் அதே ஊர். யோசிக்கவே இல்லை. துரையின் கையொப்பம் வேண்டுமென்று தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறு வாரம் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை. வருஷக்கணக்காகக் காத்திருந்த மனு. அதில் அம்மா பெயரும் என் பெயரும் சேர்ந்திருந்தன. இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அடுத்த காம்பரா கருப்பையா மாமா, தம்பி கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அங்கே போய்வந்தார். அவர் மனு தள்ளுபடி.

என் படிவத்திலோ அந்த ஊரிலேயே இருப்பேன் என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்ப வாங்க ஆபீசுக்கு விழுந்தடித்துப் போனேன். கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அதையும் ஒங்கப்பா பைலுலதான் வச்சேன். பைல் காலையிலயே நுவரெலியாவுக்குப் போயிருச்சே. ஏன் தம்பி, ஊருக்குப் போக அவ்வளவு அவசரமா?"

அப்பா வேலை செய்யும், தேயிலை அரைக்கும் ஸ்டோரின் பின்னால், அதன் பெரிய சக்கரத்தைக் காக்கிற ரொதைமுனி ஒரு கல்லாக இருக்கிறார். அந்த ஈரத்தில் விழுந்து அழுதேன். "எனக்குக் காலேஜு வேணாம் சாமி. அப்பாவைக் காப்பாத்து." வேறொன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

விசாரணை நாள் வந்தது. மூன்று பேரும் போனோம். அதிகாரி பைலைப் புரட்டிக்கொண்டே வந்து என் படிவத்தில் நின்றார். மொழிபெயர்ப்பாளர் அதை உரக்க வாசித்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"சாமி, அந்த ஊரை அவனும் பாக்கல, நானும் பாக்கல," என்றார் அப்பா. "நான் பொறந்த லயத்துலதான் அவனும் பொறந்தான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். அந்த ஊரில் ஆறு உண்டா? தெரியாது. கோயில்? தெரியாது. உறவுக்காரர்? தெரியாது. சரி, உன் லயத்துக்கு மேலே என்ன இருக்கிறது? வாய் தானாகத் திறந்தது. ஏழாம் நம்பர் மலை, தண்ணீர் கொட்டும் பீலி, எங்க றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கும் குறுக்குப் பாதை, என் தங்கச்சியைப் புதைத்த இடம். போதும் என்று அவர் கையைக் காட்டும்வரை சொன்னேன்.

தை மாதம் பதில் வந்தது. மனு ஏற்கப்பட்டது. என் படிவம் திரும்பி வரவே இல்லை. மதராஸில் சேருகிற காலமும் போய்விட்டது. முனியிடம் நான் கேட்டது அப்படியே நடந்தது.

கருப்பையா மாமா இப்போது இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டுகிறார். அவரும் அதே கல்லைத்தான் கும்பிட்டார். ஏன் சாமி என்று கேட்கிறேன். சந்தோஷமாகக் கற்பூரம் ஏற்ற முடியவில்லை. ஆனாலும் தினம் ஏற்றுகிறேன். எழுதிவிட்டு யோசிக்கிற புத்தி என்னை விட்டுப் போனது. என் வீட்டைக் காப்பாற்றிய தெய்வம் அது. அன்பர்களே, நீங்களும் உங்கள் பாரத்தை அங்கே இறக்கிவையுங்கள். ஆனால் என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்.

விசாரணைக்குப் பிறகு அப்பா என்னோடு பேசவே இல்லை. முந்தாநாள் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து என் மடியில் போட்டார்.

"இன்னொரு காலேஜு பதில் போட்டுச்சே, அது என்னாச்சு?"

வேண்டாம் என்று சொன்ன வாய் இது. மறுபடி கேட்கலாமா, தெரியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அமெரிக்கக் கல்லூரியின் படிவத்தை வெறுமையாகவே முனி முன்னால் வைத்து, நான் கொடுத்த வாக்கைத் திருப்பித் தரும்படி கேட்கப்போகிறேன். தந்தால், சொந்த ஊர் என்ற இடத்தை முதலில் நிரப்புவேன். றொசல்ல என்று.